டிடெக்ட் ஆகாத டிஸ்க்

கோச்சடையில் மேலக்கால் ரோட்டை ஒட்டி எங்கள் சர்வீஸ் கடை இருக்கிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான்ணே இருந்துச்சு. இன்னைக்கு டிடெக்ட் ஆக மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் படியேறுகிறார்கள். கையில் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க். கல்யாண ஸ்டூடியோக்காரர் வருவார், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்வரும் வக்கீலின் குமாஸ்தா வருவார், ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்துப் பிள்ளை வரும். எல்லோர் முகத்திலும் ஒரே பதற்றம்.

உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வேலை செய்யலைன்னு தெரிஞ்ச பிறகு என்னென்ன செஞ்சீங்க?" உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு முக்கியம் என்பதெல்லாம் பிறகு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சிலர் தயங்குவார்கள். பக்கத்து வீட்டு சிஸ்டத்தில் போட்டுப் பார்த்திருப்பார்கள். தெரிந்த பையன் ஏதோ ஒரு சாப்ட்வேரை ஓட்டியிருப்பான். ஒருவர் லேசாகத் தட்டியிருப்பார், இன்னொருவர் திரையில் கேட்டபடியே ஃபார்மட்டும் கொடுத்திருப்பார். அடையாளம் தெரியாமல் போகும் டிஸ்குகளில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் உள்ளே நலமாகவே இருக்கின்றன. அடுத்த ஒரு மணி நேரத்துப் பதற்றத்தில்தான் பல டிஸ்குகள் சாகின்றன. கண்ணெதிரே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

டிடெக்ட் ஆகவில்லை என்று எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னாலும் கோளாறு ஒன்றல்ல. லைட்டே எரியாதது ஒரு வகை. லைட் எரிந்து உள்ளே ஓட்டம் இல்லாதது இன்னொன்று. ஓடும், ஆனால் சிஸ்டத்துக்குத் தெரியாது. சிஸ்டத்துக்குத் தெரியும், ஆனால் டிரைவ் எழுத்து வராது. எழுத்தும் வந்து, திறந்தால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்பது கடைசி வகை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் டேட்டா போய்விடும்.

நான் கேபிளில் தொடங்குவேன். இந்தக் கையடக்க டிஸ்குகளில் பலவற்றில் இருப்பது தட்டையாக, அகலமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இரண்டு பகுதியாகத் தெரியும் யுஎஸ்பி 3.0 மைக்ரோ-பி முனை. மொத்தம் 10 பின். பெரிய பகுதியில் இருக்கும் 5 பின்னும் பழைய 2.0 காலத்து அமைப்பு. கூடுதல் வேகத்துக்கான 5 பின் சிறிய பகுதியில் இருக்கின்றன. டிஸ்கை மடிக்கணினியின் மூடிமேல் வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி வேலை பார்த்தால் இந்த முனைதான் முதலில் தளரும். ஆண்ட்ராய்டு போன்களுக்கு முன்பு வந்துகொண்டிருந்த சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கேபிள் அந்தப் பெரிய பகுதியில் சரியாக உட்காரும் என்பது பலருக்குத் தெரியாது. வேகம் குறையும், ஆனால் டிஸ்க் தெரியவேண்டும். தெரிந்துவிட்டால் கேபிளோ, வேகப் பகுதியின் பின்களோதான் கோளாறு என்று ஊகிக்கலாம். அந்த போன் கேபிள் சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருந்தால் டேட்டா கம்பியே உள்ளே இருக்காது. போனில் படம் ஏற்றி இறக்கிப் பழகிய கேபிளாகப் பார்த்து எடுக்கவேண்டும்.

கேபிளை மாற்றும்போதே போர்ட்டையும் மாற்றவேண்டும். கேபினட்டின் முன்பக்க போர்ட்டுகள் உள்ளே ஒரு வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. அந்த வயர் நல்ல தரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. நாலு பென்டிரைவ் செருகிய ஹப்பில் இந்த டிஸ்கையும் செருகிவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு. கடையின் பின்பக்க போர்ட்டில் செருகியதும் டிஸ்க் எழுந்துகொள்ளும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இரண்டரை அங்குல டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடுகிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக விதி சொல்வது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. தட்டு நின்ற நிலையிலிருந்து நிமிடத்துக்கு 5400 சுற்றை எட்டும் அந்தச் சில நொடிகளில் பல டிஸ்குகள் சுமார் 1 ஆம்பியர் வரை இழுக்கும். போர்ட்டும் கேபிளும் நல்ல நிலையில் இருக்கும்வரை இது ஓடிவிடும். போர்ட்டுக்கு வயதாகி, கேபிள் நீளமாகி, மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால், டிஸ்க் சுற்றத் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். லைட் விட்டுவிட்டு மினுங்கும். கேட்பவருக்கு உள்ளே ஏதோ உடைந்ததுபோல இருக்கும். உண்மையில் கரண்ட் பற்றவில்லை, அவ்வளவுதான். இரண்டு போர்ட்டில் செருகும் ஒய் கேபிளோ, தனி அடாப்டர் உள்ள ஹப்போ போதும்.

மேசைமேல் வைக்கும் பெரிய டிஸ்க், மூன்றரை அங்குலம், வேறு ஜாதி. அதற்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. 2012-இல் தென்மாவட்டங்களில் மின்வெட்டு நாளின் பாதிக்கு மேல் நீண்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கி, உலகம் முழுவதும் விலை எகிறியிருந்தது. டவுன்ஹால் ரோட்டில் விலை கேட்டுவிட்டு, பழைய டிஸ்கையே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவோம் என்று திரும்பியவர்கள் எத்தனையோ பேர். வயதான டிஸ்க், எழுதிக்கொண்டிருக்கும்போதே போகும் கரண்ட், இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடி. எங்கள் மேசைகளில் இடமில்லாத காலம் அது.

அப்போது வந்தவர்களில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் தம்பி நினைவில் நிற்கிறான். இருட்டில் தடவி, டிஸ்கின் அடாப்டருக்குப் பதிலாக மடிக்கணினியின் 19 வோல்ட் சார்ஜரைச் செருகிவிட்டான். பின் பொருந்திவிட்டது. லேசாகக் கருகிய வாசனை, அதோடு டிஸ்க் அடங்கிவிட்டது. "சார் என்னைக் கொன்னுருவாருண்ணே" என்று நின்றான். கவரைப் பிரித்துப் போர்டைப் பார்த்தேன். இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பாதையிலும் 5 வோல்ட் பாதையிலும் ஒவ்வொரு டிவிஎஸ் டயோடு இருக்கும். அளவுக்கு மீறி வோல்ட்டேஜ் வந்தால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் பாதை நேராகக் கிரவுண்டோடு பேசியது. டயோடைக் கழற்றிவிட்டு, சரியான அடாப்டரைக் கொடுத்ததும் தட்டு சுற்றியது. அன்றே எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பழையதை இனி தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். காவல் போன டிஸ்கில் மறுபடி கணக்கு வைக்கக்கூடாது.

போர்டு சம்பந்தமாக ஒரு தவறான நம்பிக்கை நம் ஊரில் பரவிக் கிடக்கிறது. அதே மாடல் டிஸ்க் இன்னொன்று வாங்கி, போர்டை மட்டும் கழற்றி மாட்டினால் போதும் என்கிறார்கள். வெகு காலத்துக்கு முந்தைய டிஸ்குகளில் அது நடந்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்கின் தலைகளுக்கும் தட்டுகளுக்கும் ஏற்ற தனி அளவுகள் ஆலையிலேயே எழுதப்பட்டு, ஒரு பகுதி போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன. பெரும்பாலும் எட்டுக் கால் கொண்ட சின்னச் சிப். அதை எடுத்துப் புதுப் போர்டில் வைத்துப் பற்றவைக்காமல் மாட்டினால் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். அதேபோல வெளிக் கவரையும் அதில் உள்ள சின்ன போர்டையும் தூக்கி எறியவேண்டாம். சில கையடக்க டிஸ்குகளில் அந்தப் போர்டுதான் எழுதுவதையெல்லாம் பூட்டி எழுதுகிறது. நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும்கூட. டிஸ்கைக் கழற்றி நேரடியாக இன்னொரு சிஸ்டத்தில் மாட்டினால் வெறும் குப்பை எழுத்துகள்தான் தெரியும்.

கரண்ட் சரி, கேபிள் சரி என்றான பிறகு காதை வைத்துக் கேட்பேன். டிஸ்கை உள்ளங்கையில் கிடத்தினால் நலமான ஓட்டம் மெல்லிய அதிர்வாகக் கைக்குத் தெரியும். சீராக இடைவெளி விட்டு டக், டக் என்றால் தலை தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்புகிறது என்று அர்த்தம். மெலிதாக, பீப் போல முனகினால் மோட்டார் சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை. பெரும்பாலும் தலை தட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு சத்தத்தில் எது கேட்டாலும் அந்த நொடியே கேபிளைப் பிடுங்கிவிடுவேன். இன்னொரு முறை செருகிப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. ஓடும் டிஸ்கில் தலைக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். தலை தட்டில் உரசிக்கொண்டே சுற்றினால், சுற்றும் ஒவ்வொரு நொடியும் காந்தப் பூச்சோடு டேட்டாவும் பொடியாகப் போகிறது.

அதனால்தான் டிஸ்கின் மூடியைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். வீடியோவில் ஒருவர் திறந்து, விரலால் தலையை நகர்த்திவிடுகிறார். அது ஓடியும் விடுகிறது. மேலக்கால் ரோட்டில் பஸ் ஒன்று போனால் எங்கள் கண்ணாடிக் கதவில் படியும் புழுதியை வந்து பாருங்கள். தலை மாற்றும் வேலையை கிளாஸ் 100 அறையில் செய்கிறார்கள். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசி நூறுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் கணக்கு. எங்களிடம் அந்த அறை இல்லை. அதனால் சத்தம் போடும் டிஸ்கை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எந்த ஊரில் லேப் இருக்கிறது, தோராயமாக என்ன செலவாகும், தலைக்காக அதே மாடலில் இன்னொரு டிஸ்க் தேட வேண்டியிருக்கும் என்றெல்லாம் சொல்லி, பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தனுப்புவேன். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த தட்டின்மேல் நீராகப் படியும்.

ஓட்டம் நன்றாக இருந்து, சத்தம் இல்லாமல், டிரைவ் மட்டும் தெரியவில்லை என்றால் விண்டோசில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்க்கவேண்டும். டிஸ்க் அங்கே சரியான கொள்ளளவோடு இருந்து, எழுத்து மட்டும் இல்லை என்றால் நிம்மதி. கார்டு ரீடரோ நெட்வொர்க் டிரைவோ அதே எழுத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். வேறு எழுத்துக் கொடுத்தால் முடிந்தது. கொள்ளளவு பூஜ்யம் என்றோ, சம்பந்தமில்லாத எண்ணாகவோ காட்டினால் கவரில் உள்ள போர்டு பதில் சொல்கிறது, டிஸ்க் சொல்லவில்லை. இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூடவேண்டும்.

ஃபார்மட் கேள்விதான் மிகப் பெரிய கண்ணி. டிரைவைத் திறந்ததும் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்யவேண்டும் என்று வருகிறது. அது நமக்கு உதவி சொல்வதுபோலத் தெரிகிறது. விண்டோஸ் சொல்வது இவ்வளவே: இந்தப் பகுதியின் அட்டவணை எனக்குப் புரியவில்லை. ஃபைல்கள் போய்விட்டன என்று அது சொல்லவே இல்லை. குவிக் ஃபார்மட் கொடுத்துவிட்டால் புது அட்டவணை எழுதப்படும்; பழைய டேட்டாவின் பெரும்பகுதி அடியில் அப்படியே கிடக்கும், மீட்கலாம். டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டா காலம் தொட்டு விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது. அதற்குப் பிறகு எந்த லேபும் ஒன்றும் செய்ய முடியாது. செக்டிஸ்க் ஓட்டுவதும் இந்தக் கட்டத்தில் ஆபத்து. அது அட்டவணையைத் திருத்தி எழுதும் கருவி. தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்கில் திருத்தி எழுத விட்டால், படிக்க முடியாத பதிவுகளை இல்லாதவையாகக் கணக்கு முடித்துவிடும்.

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்த வேலை, நாடக வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவருடையது. சோழவந்தான் பக்கத்துக்காரர். மதுரை வட்டாரத்தில் மாசி பிறந்துவிட்டால் ஆடி வரை ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திப்பார்கள். அதனால் ஒரு ராத்திரியின் தர்க்கம் இன்னொரு ராத்திரியில் வராது. அந்த அண்ணன் வருடக்கணக்காக எடுத்து வைத்ததெல்லாம் ஒரே 2 டெராபைட் டிஸ்கில் இருந்தது. விடியற்காலையில் கார்டிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கேபிளில் கால் தட்டி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் பெஞ்சிலிருந்து விழுந்துவிட்டது. மறுபடி செருகியபோது ஃபார்மட் கேட்டது. அவர் செய்தது ஒரே காரியம்: கேபிளைப் பிடுங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு முதல் பஸ் ஏறிவிட்டார். "எதையும் தொடலப்பா. நீ பாத்துக்க" என்றார். அவர் தொடாமல் வந்ததால்தான் மீதியெல்லாம் நடந்தது.

சத்தம் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். சி5 என்ற வரிசை, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், நூற்றுக்கணக்கில் நின்றது. இந்த மாதிரி டிஸ்கில் நேரடியாக ரெக்கவரி சாப்ட்வேர் ஓட்டுவது கொலை. முதலில் டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக நல்ல டிஸ்க் ஒன்றுக்குப் படியெடுக்கவேண்டும். பிறகு செய்வதெல்லாம் படியில்தான். லினக்சில் அந்தோனியோ தியாஸ் எழுதிய டிடி-ரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது. இலவசம். முதல் சுற்றில் எளிதாக வருவதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். தகராறு செய்யும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். அடுத்த சுற்றுகளில் திரும்பி வந்து, ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் போகும். எங்கே விட்டது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், டிஸ்கை நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஃபேன் காற்றில் வைத்து, விட்டுவிட்டுப் பல நாள் ஓட்டினேன். ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது.

வராத சிறு பகுதி இருந்த இடம்தான் கெட்ட இடம். என்டிஎஃப்எஸ் முறையில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்பதெல்லாம் எம்எஃப்டி என்ற பெரிய அட்டவணையில் இருக்கும். பொதுவாக அது பகுதியின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 3 ஜிபி தள்ளி ஆரம்பிக்கிறது. அதன் நகல் என்று இன்னொரு இடத்தில் இருப்பது முதல் நாலு பதிவுகளுக்கு மட்டும். இந்த டிஸ்கில் அடி விழுந்தது அந்த அட்டவணையின் நடுவில். ஆகவே பெயர்களைக் கைவிட்டு, ஃபோட்டோரெக் ஓட்டினேன். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. அட்டவணையைப் பார்க்காமல், ஒவ்வொரு வகை ஃபைலும் எந்த பைட்டுகளோடு தொடங்கும் என்பதை வைத்துத் தேடி எடுக்கும். ஃபைல் வரும். பெயர் வராது. வெறும் எண்களாக ஒரு மலை.

அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கேமரா ஓர் இரவை 4 ஜிபித் துண்டுகளாக வெட்டி எழுதியிருந்தது. எந்தத் துண்டு எந்த ஊர், எந்த ராத்திரி? சில மேடைகளில் அம்மன் பெயரும் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிய பேனர் பின்னால் இருந்தது. பேனர் தெரியாத இடத்தில் அவர் படுதாவைப் பார்த்தார், ஒலிபெருக்கிக்காரர் யாரென்று பார்த்தார். அதுவும் இல்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு ஆர்மோனியத்தைக் கேட்டுவிட்டு, வாசித்தவர் பெயரைச் சொன்னார். ஓர் இரவுக்குள் துண்டுகளை வரிசைப்படுத்துவது எளிது என்று அவர்தான் காட்டித் தந்தார். பபூன் முதலில், பிறகு டான்ஸ், பிறகு வள்ளி தோழியோடு தினைப்புனத்துக்கு வருவாள், நாரதர் தர்க்கம், வேடன், கிழவன். கதை போகிற வரிசையில் ஃபைல்களை அடுக்கினோம். சில ஃபைல்கள் டிஸ்கில் சிதறி எழுதப்பட்டிருந்ததால், ஓர் ஊரின் நாரதர் பாதிப் பாட்டில் நின்று படம் உறைந்துவிடும். அவற்றை விட்டுவிட்டோம். பாடியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் பாட்டு நிறையவே திரும்பி வந்தது. தமிழ்ச்சங்கம் ரோட்டில் சுவாமிகள் சிலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணிட்ட ஃபைல்கள் நினைவுக்கு வரும்.

இந்த வேலையில் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: ஃபைல் திறக்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டைத் திறக்கலாம், அதுவும் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போது. பிறர் வீட்டுப் படம் நம் கண்ணுக்கானதல்ல. மீட்ட டேட்டாவின் படியை அவர் சரிபார்த்துச் சொன்னதும் எங்கள் டிஸ்கிலிருந்து அழித்துவிடுவோம். காசு எவ்வளவு என்று வேலைக்கு முன்பே சொல்வோம், டேட்டா வராவிட்டால் கேட்பதில்லை. அழுதுகொண்டு வருகிறவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதாலேயே அதில் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

பேக்கப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் வகுத்த 3-2-1 கணக்கு ஸ்டூடியோக்காரர்களுக்குப் போதும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பிரதி பல இடங்களில் இருப்பதன் பலத்துக்கு ஓர் உதாரணம்: நம் ஊர்ப் பெயரைத் தாங்கி 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது. அதனால் அந்த நூல்கள் இன்று எண்ணற்றவர்களின் கணினிகளில் இருக்கின்றன. நாடக அண்ணன் இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார். ஒன்று மகள் வீட்டில். மாசிக்கு முன்னால் இரண்டையும் கொண்டுவந்து ஸ்மார்ட் கணக்கைப் பார்த்துவிட்டுப் போகிறார். சி5 வரிசை பூஜ்யத்திலிருந்து நகர்ந்தால் அந்த டிஸ்கை அன்றே ஓய்வுக்கு அனுப்பிவிடுவோம்.

இப்போது வருகிறவை மெல்ல மெல்ல எஸ்எஸ்டி ஆகி வருகின்றன. விழுந்தாலும் தட்டு உடையாது, அது பெரிய நன்மை. ஆனால் சுற்றும் பாகம் இல்லாததால் காதுக்கும் கைக்கும் அதில் வேலை இல்லை. பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல், காலையில் செருகும்போது கன்ட்ரோலர் பேச மறுத்துவிடும். அழித்த இடத்தைத் தானாகத் துடைத்துவிடும் டிரிம் வேலை செய்யும் எஸ்எஸ்டியில் தவறி அழித்ததையும் குவிக் ஃபார்மட் கொடுத்ததையும் மீட்க அநேகமாக வழியில்லை. டிஸ்கில் நாங்கள் வழக்கமாகச் செய்துகொடுத்த வேலை அது. எஸ்எஸ்டி வாங்குகிறவர்களிடம், வாங்கும் நாளிலேயே கூடவே ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்கும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். வேலை செய்ய அது, எடுத்து வைக்க இது. கேபிளை மட்டும் இரண்டுக்கும் மாற்றிப் போடவேண்டாம், கூட வந்ததையே பயன்படுத்துங்கள்.